நன்றியுரையில் ஒரு பெயர்

சுவிஸுக்கு வந்த மூன்றாம் வாரத்தில் சச்சிதானந்தன் தன்னைக் கடைக்காரன் ஆக்கிக்கொண்டான்.

அது 1984 சித்திரை. லுசேர்ணில் அவனுடைய அகதி மனுவைப் பதிந்த பொலிஸ் அதிகாரி தொழில் என்ன என்று கேட்டார். "கொக்குவிலில் பலசரக்குக் கடை" என்றான். இராணுவம் வந்து கடையை எரித்துவிட்டது என்றான். அதிகாரி தட்டச்சு செய்து நீட்டிய தாளில் கையெழுத்து வைத்தான்.

அந்தக் கடையைக் கட்டிக் கொடுத்தவன் அவனைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன். "அரசாங்க உத்தியோகம் எண்டு மட்டும் வாய் திறந்திடாதையுங்கோ. சம்பளம் தந்த அரசாங்கம் உங்களை ஏன் துரத்தப்போகுது எண்டு கேப்பாங்கள். கடை எண்டு சொல்லுங்கோ. ஒரு கரைச்சலும் இல்லை."

உண்மையில் சச்சிதானந்தன் கொழும்பில் பதினொரு வருடம் அரசாங்கப் புள்ளிவிபரக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்தவன். வீடு வீடாகப் போய் நிரப்பிவரும் படிவங்களைச் சரிபார்ப்பது அவன் வேலை. எந்தக் கேள்விக்கு வீட்டுக்காரர் பயந்து பொய் சொல்லியிருக்கிறார் என்பது படிவத்தைப் பார்த்தாலே அவனுக்குப் பிடிபட்டுவிடும். அவர்கள் மேல் அவனுக்குக் கோபம் வந்ததில்லை. பெயர் ஒரு தாளில் ஏறிவிட்டால் அந்தத் தாள் யார் கையில் போய்ச் சேரும் என்று எவருக்கும் தெரியாது. 83 ஆடிக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் அவன் குடியிருந்த ஒழுங்கைக்குள் வந்தவர்களின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அதை யார் எழுதினார்கள் என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் எந்த வீட்டின் முன்னும் நின்று யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு மனைவி யோகாம்பாளும் மகள் சிவகலாவும் கொக்குவிலில் மனைவியின் தாய்வீட்டில் இருந்தார்கள். சச்சி லுசேர்ணில் ஏரிக்கரையோரம் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினான். ஹோட்டலின் மேல்தட்டில், கூரைக்குக் கீழே ஓர் அறை. கூட இருந்தவன் தவராஜா. காரைநகர்ப் பெடியன், இருபத்து நாலு வயது, காய்கறி வெட்டுபவன்.

சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் அகதிகளுக்கு ஜேர்மன் சொல்லிக் கொடுத்தவள் உர்சுலா ஆம்ரைன். முப்பத்தொரு வயது. கிழமை நாட்களில் பாசல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். 1986 கார்த்திகையில் ஒருநாள், வகுப்பு முடிந்தபின், ஆங்கிலக் கையெழுத்து வாசிக்கக்கூடியவர் யாராவது உண்டா என்று கேட்டாள். சச்சி கை தூக்கினான்.

அவள் ஒரு பழுப்புநிறப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே நூற்றிருபது படிவங்கள். அறுபது படிவம் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக் குடியிருப்பு ஒன்றில் வாழும் யூட் இனப் பழங்குடிக் குடும்பங்களுடையவை. மற்ற அறுபதும் இங்கிலாந்தில் பேர்மிங்காமில் குடியேறிய மேற்கிந்தியக் குடும்பங்களுடையவை. இரண்டு சமூகங்களில் எது எப்படி வாழ்கிறது, வேலை என்ன, வருமானம் என்ன, ஏன் அப்படி என்பதுதான் ஆய்வு. இரண்டு இடத்திலும் மாதக்கணக்கில் தங்கி அவளே கேட்டு எழுதியவை. யாராவது ஒருவர் படிவங்களையும் அட்டவணைகளையும் ஒத்துப்பார்த்துத் தந்தால் போதும் என்றாள்.

சச்சி ஒரு படிவத்தை எடுத்தான். மூன்று வருடமாகத் தொடாத ஒன்றைத் தொட்டதுபோல் இருந்தது. அந்த ஆசையில் வாய் தவறிவிட்டது.

"'பதில் தெரியாது' என்பதற்கும் 'பதில் சொல்ல மறுத்தார்' என்பதற்கும் ஒரே குறியீடு போட்டிருக்கிறீர்கள். பிரித்திருக்க வேண்டும்" என்றான் ஆங்கிலத்தில்.

உர்சுலா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?"

அவன் உண்மையைச் சொன்னான். வகுப்பில் கடைக்காரன் என்று சொன்னது சரியான ஜேர்மன் சொல் தெரியாததால் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பொலிஸ் கோப்பிலும் அப்படித்தான் இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை.

சம்பளம் வேண்டாம் என்றான். இன்னொரு வேலை பார்க்க அவனுடைய வேலை அனுமதியில் இடமில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் ஹோட்டல் வேலையாட்களுக்கு மூன்று மணி நேரம் ஓய்வு. அந்த நேரத்தில் மற்றவர்கள் நித்திரை கொள்ள, சச்சி வேலையாட்களின் சாப்பாட்டறை மூலையில் படிவங்களைப் பரப்பினான். யாராவது படியில் இறங்கும் சத்தம் கேட்டால் மேசைத்துணியை இழுத்து மூடுவான். சமையற்காரத் தலைவர் கண்டால் களவாக வேறு வேலை பார்க்கிறான் என்று எழுதிவிடுவாரோ என்ற பயம்.

தவராஜா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "இது ஆருடைய கணக்கு அண்ணை?"

"பாதி அமெரிக்காவில இருக்கிற செவ்விந்திய ஆக்கள். பாதி மேற்கிந்திய ஆக்கள்."

"கிரிக்கெட் விளையாடுறவையோ? அவைக்கென்ன குறை?"

"இது பேர்மிங்காமில பஸ் கழுவுறவை, ஆஸ்பத்திரியில நிலம் துடைக்கிறவை."

தவராஜா ஒரு படிவத்தை எடுத்துப் பார்த்தான். வாசிக்க வரவில்லை. "எங்களையும் ஒருத்தி வந்து இப்பிடி எழுதிக்கொண்டு போவாளோ?" என்றான். சச்சி படிவத்தை வாங்கி அடுக்கில் வைத்தான்.

ஆய்வின் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. யூட் குடும்பங்களின் நிலத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள். அந்த வருமானத்தில் குடியினர் ஒவ்வொருவருக்கும் தலைக்கு ஒரு பங்கு வருகிறது. ஆகவே வேலை இல்லாவிட்டாலும் அவர்கள் மேற்கிந்தியரைவிட வசதியானவர்கள். மேற்கிந்தியருக்கு வேலை இருக்கிறது, ஆனால் கடனில் மூழ்கியிருக்கிறார்கள். உர்சுலாவின் பேராசிரியருக்கு இந்த முடிவு நன்றாகப் பிடித்திருந்தது. வேலை செய்கிறவன் ஏழை, செய்யாதவன் வசதி. கேட்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவர் சொன்னாராம்.

தை மாதத்தில் சச்சி இருபத்து மூன்றாம் இலக்கப் படிவத்துக்கு வந்தான். யூட் குடும்பம். தாயும் ஆறு பிள்ளைகளும். வருமானத்தில் அறுபது குடும்பங்களிலும் மூன்றாவது இடம். அதே படிவத்தின் நாலாம் பக்கத்தில், போன மாரியில் வீட்டுக்குச் சூடு போட முடியாமல் இருந்தீர்களா என்ற கேள்விக்கு, ஆம். பழைய கார் இருந்ததா, இருந்தது, தவணை கட்டாததால் கொண்டுபோய்விட்டார்கள். ஓரத்தில் உர்சுலாவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: என் பெயரை எழுதாதே என்று மூன்று தடவை சொன்னாள்.

சச்சி அந்தப் படிவத்தை இரண்டு நாள் வைத்துப் பார்த்தான். வருமானத்தில் பொய்யா, குளிரில் பொய்யா? இரண்டிலும் இல்லை என்று அவனுக்குப் பட்டது. மற்றப் படிவங்களைத் தேடினான். பிள்ளைகள் கூடிய வீடெல்லாம் வசதியான வீடாக இருந்தது. அப்போதுதான் விளங்கியது. பிள்ளைகளின் பங்கு பதினெட்டு வயதுவரை வைப்பில் கிடக்கிறது. தாயால் அதைத் தொட முடியாது. உர்சுலா அதையும் வீட்டு வருமானத்தில் சேர்த்துவிட்டாள்.

மேற்கிந்தியப் படிவங்களில் வேறொரு பிழை. கிழமைதோறும் ஒரு தொகையை ஒருவரிடம் கட்டுகிறார்கள். "பார்ட்னர்" என்று எழுதியிருந்தது. யாரோ பங்காளியிடம் பட்ட கடன் என்று உர்சுலா எடுத்துக்கொண்டாள். அவற்றில் நாற்பத்தோராம் படிவத்துக்காரர், ஜமெய்க்காவில் தச்சராக இருந்து பேர்மிங்காமில் பஸ் கழுவுபவர், ஒரு வரி கூடுதலாகச் சொல்லியிருந்தார். இருபது பேர் கட்டுகிறோம், ஒவ்வொரு கிழமையும் ஒருவர் முழுத்தொகையையும் எடுப்பார், என் முறையில்தான் வீட்டுக்கு முற்பணம் கட்டினேன்.

"அட, சீட்டு!" என்று சச்சி வாய்விட்டுச் சொன்னான். மேசையில் தலைவைத்துத் தூங்கிய போர்த்துக்கீசப் பெண் விழித்துப் பார்த்தாள்.

அவனுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் ஒரு மணி நேரம்தான் நின்றது. உர்சுலாவிடம் சொன்னால் அவளுடைய முடிவு விழுந்துவிடும். கோபித்தால்? அவள் ஒருத்திதான் இந்த ஊரில் அவனுக்காக ஒரு கடிதம் எழுதக்கூடியவள். மூன்று சனிக்கிழமை சொல்லாமல் இருந்தான். நாலாவது சனிக்கிழமை, இருபத்து மூன்றாம் வீட்டுக்காரி வசதியானவள் என்று அச்சில் வந்துவிடுமே என்று நினைத்தபோது பொறுக்கவில்லை. சொல்லிவிட்டான்.

உர்சுலா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிச் சரிபார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "நான் எட்டு மாதம் அங்கே இருந்தேன்" என்றாள். "அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு சாப்பிட்டோம். அப்படியும் இதை எழுதியிருக்கிறேன்."

கோடை முழுவதும் இருவரும் திருத்தினார்கள். திருத்தியபின் இரண்டு சமூகங்களுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவரிடம் தொட முடியாத பணம், மற்றவரிடம் தங்களுக்குள் சுற்றிவரும் பணம். இரண்டு பேருக்கும் வெளியார் கொடுக்கும் வேலை இல்லை, அல்லது ஆகக் கீழான வேலைதான். அப்படியென்றால் உன் ஆய்வு என்னத்தைத்தான் சொல்கிறது என்று பேராசிரியர் எரிந்து விழுந்தாராம். உர்சுலா பின்வாங்கவில்லை.

1987 ஒக்டோபர் நடுவில், ஒரு புதன்கிழமை, ஒரே தபாலில் சச்சிக்கு இரண்டு உறைகள் வந்தன.

ஒன்று பேர்ணில் உள்ள அகதிகள் அலுவலகத்திலிருந்து. மூன்றரை வருடத்துக்குப் பிறகு இரண்டாம் விசாரணைக்கு அழைப்பு. கார்த்திகை பத்தொன்பதாம் திகதி, காலை ஒன்பது மணி.

மற்றது உர்சுலாவிடமிருந்து. ஆய்வேட்டின் முதற்பக்கங்களின் பிரதி. வெள்ளிக்கிழமை மத்தியானம் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கிறேன், உங்களுக்கு ஒரு ஆச்சரியம், மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள் என்று சிறு கடிதம். மூன்றாம் பக்கம் நன்றியுரை. அதில் பேராசிரியருக்கு அடுத்ததாக அவன் பெயர் இருந்தது. முழுப்பெயர், ஓர் எழுத்துப் பிழையில்லாமல். கொழும்பில் அரசாங்கப் புள்ளிவிபர அலுவலராகப் பதினொரு வருடம் பணியாற்றியவர், தற்போது லுசேர்ணில் வசிக்கும் தமிழ் அகதி.

அவன் அந்தப் பக்கத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்தான். பிறகு எடுத்துப் பார்த்தான். பிறகு காற்சட்டைப் பைக்கு மாற்றினான். கழுவும் இயந்திரத்துக்குள் கோப்பைகளை அடுக்கும்போது கை தவறி இரண்டு கோப்பை உடைந்தது.

ஊர்ச் செய்தியும் அந்த நாட்களில் நல்லதாக இல்லை. இந்திய இராணுவத்துக்கும் தமிழ்ப் போராளி இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியிருந்தது. கொக்குவில் பக்கம் கடும் அடி என்று வானொலியில் சொன்னார்கள். யோகாம்பாளிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இந்த நேரத்தில் பொய்யன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் எங்கே போய் இறங்குவது?

"இதுக்கேன் அண்ணை பதறுறியள்?" என்றான் தவராஜா. "அந்தப் புத்தகத்தை ஆர் வாசிக்கப்போறாங்கள்? எழுதினவவும் நீங்களும்தான்."

"பேர்ணில இருக்கிறவன் வாசிச்சால்?"

"பேர்ணில இருக்கிறவனுக்கு எங்கட கேசுகளை வாசிக்கவே நேரமில்லை. மூண்டரை வருசம் கிடந்துதெல்லோ."

"பேர் ஒருக்கா ஏறினால் ஏறினதுதான் தவம். உனக்கு விளங்காது."

வெள்ளிக்கிழமை சமையற்காரத் தலைவரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுக் காலை ரயிலில் ஏறினான். அதற்கு முன் உர்சுலாவுக்குத் தொலைபேசி எடுத்திருந்தான், அவள் அறையில் இல்லை. மத்தியானத்துக்கு முன் பாசல் போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துவிடலாம். ஓல்டனில் ரயில் மாற வேண்டும். இறங்கி அடுத்த மேடைக்கு ஓடியவனை இரண்டு பொலிஸ்காரர் மறித்தார்கள்.

"அவுஸ்வைஸ்" என்றார் ஒருவர்.

அடையாள அட்டையைக் கொடுத்தான். லுசேர்ண் அகதி பாசலுக்கு ஏன் போகிறாய் என்று கேட்டார்கள். சிநேகிதியைப் பார்க்க என்றான். சொல்லிவிட்டு அந்தச் சொல் சரியா என்று பயந்தான். சிறிய அறை ஒன்றில் உட்கார வைத்தார்கள். பைகளில் இருப்பதை மேசையில் வைக்கச் சொன்னார்கள். நன்றியுரைப் பக்கத்தைப் பொலிஸ்காரர் விரித்துப் பார்த்தார். ஆங்கிலம். மேலிருந்து கீழாகக் கண்ணை ஓடவிட்டார். அந்தக் கண் எந்த வரியில் நிற்கிறது என்று சச்சி பார்த்துக்கொண்டிருந்தான். அவர் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தொலைபேசியில் அட்டை இலக்கத்தைச் சொல்லி விசாரித்து, எல்லாம் சரி, போகலாம் என்றார்கள். மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் இரண்டு ரயில் போய்விட்டது.

பாசலில் பல்கலைக்கழகப் படிக்கட்டில் உர்சுலாவைக் கண்டபோது மணி ஒன்றேகால். அவள் கையில் ஒன்றும் இல்லை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"சச்சி! கொடுத்துவிட்டேன். ஆறு பிரதியும் கட்டிக் கொடுத்துவிட்டேன். இதற்காகவா வந்தீர்கள்?"

அவன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெல்லப் போனது. பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். கடையை, ஏஜென்சிக்காரனை, 84இல் வைத்த கையெழுத்தை.

"எனக்கும் பொய் சொல்லியிருக்கிறீர்கள்" என்றாள் அவள்.

"இந்த நாட்டில் உங்களிடம் மட்டும்தான் உண்மை சொன்னேன். இப்போது அதுதான் என்னைக் காட்டிக்கொடுக்கப்போகிறது."

அவள் எழுந்து உள்ளே போனாள். அரை மணி நேரம் கழித்து வந்தாள். அலுவலகம் மூடிவிட்டது, திங்கட்கிழமை திரும்பவும் கேட்கிறேன் என்றாள்.

"இருபத்து மூன்றாம் வீட்டுக்காரிக்கு ஓர் இலக்கம் கொடுத்தீர்களே" என்றான் சச்சி. "எனக்கும் ஓர் இலக்கம் கொடுத்திருக்கலாம்."

உர்சுலாவின் கண் நிறைந்துவிட்டது. "நான் நல்லது செய்வதாக நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை."

திங்கட்கிழமை மத்தியானம் ஹோட்டல் சமையலறைத் தொலைபேசியில் அவள் அழைத்தாள். ஒப்படைத்த பிரதியில் ஒரு பக்கத்தையும் மாற்ற முடியாதாம். ஒரு பிரதி வெளிநாட்டுப் பரீட்சகர் ஒருவருக்குத் தபாலில் போய்விட்டது.

விசாரணைவரை இருந்த நாட்களில் சச்சி ஒவ்வொரு ஓய்வு நேரமும் தன் கடையை ஒழுங்குபடுத்தினான். கோவிலுக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக் கடை. ஓலைக் கூரையா, ஓட்டுக் கூரையா? 84இல் ஓடு என்று சொன்ன ஞாபகம். அரிசி எந்த மில்லிலிருந்து வந்தது, சீனி மூட்டை என்ன விலை? விலைகளில் அவனுக்குப் பயமில்லை. யாழ்ப்பாணச் சில்லறை விலைகள் மாதாமாதம் அவன் மேசைக்கு வந்தவை. எரிந்த நாளில்தான் பயம். அந்த நாளை நினைத்தால் வேறொரு நாள் குறுக்கே வந்தது.

பேர்ணில் அந்த அறைக்கு ஒரே ஒரு யன்னல். மேசைக்கு அந்தப்பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க அதிகாரி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுபவர். தட்டச்சு செய்ய ஒரு பெண். மொழிபெயர்க்க ஒரு தமிழ்நாட்டு அம்மா, பேர்ணில் கணவரோடு குடியிருப்பவர், நல்ல சேலை, நெற்றியில் சிறிய பொட்டு.

"பயப்படாம பேசுங்க" என்றார் அந்த அம்மா. "ஆனா கொஞ்சம் மெதுவா. உங்க ஊர்த் தமிழ் எனக்குச் சில நேரம் புரியாது."

அதிகாரி கடையைப் பற்றிக் கேட்டார். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், யாரிடம் வாங்கினாய், எவ்வளவுக்கு விற்றாய்? சச்சி சதம் பிசகாமல் சொன்னான். அதிகாரி பழைய கோப்பைப் பார்த்துத் தலையாட்டினார். சச்சியின் முதுகில் வேர்வை ஆறத் தொடங்கியது. இப்படியே போனால் முடிந்துவிடும்.

"கடை எரிந்த அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள்?"

"மேல்மாடியில நிண்டனான்" என்றான் சச்சி. "யன்னலாலை பாத்தன். முதல் ரெண்டு வீட்டுக்கும் நெருப்பு வைச்சிட்டாங்கள். ஒருத்தன் கையில பேப்பர் வைச்சுக்கொண்டு இலக்கத்தைச் சரிபாத்துக்கொண்டு வந்தான். பின்வீட்டுச் சிங்கள ஆக்கள் மதிலுக்கு மேலாலை எங்கட பிள்ளையை வாங்கினவை..."

மொழிபெயர்ப்பு முடிந்ததும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கள் கடை ஒற்றை அறை என்று இங்கே இருக்கிறது. மேல்மாடி எங்கிருந்து வந்தது? கொக்குவிலில் பக்கத்து வீட்டில் சிங்களவர்கள் இருந்தார்களா?"

தட்டச்சு நின்றுவிட்டது. சச்சி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். எத்தனை நாள் அடுக்கிவைத்தும், வெள்ளவத்தையில் எரிந்த வீட்டின் கதைதான் வாயில் வந்துவிட்டது. அவனிடம் இருந்தது அந்த ஒரு நெருப்புத்தான். இல்லாத கடைக்கு வைக்க வேறு நெருப்பு அவனிடம் இல்லை.

அங்கே தடுமாறிவிட்டேன், மன்னிக்கவும், பக்கத்துக் கட்டிடத்து மாடி என்று சொல்லலாம். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. பாசலில் ஆறு பிரதிகளில் அவன் பெயர் இருந்ததும் அப்போது நினைவுக்கு வந்தது. ஆனால் அதைவிட, பிள்ளையை மதிலுக்கு மேலால் கொடுத்த கணத்தை இன்னொரு தடவை கடைக்குள் கொண்டுபோய் வைக்க அவனால் ஏலவில்லை.

"கடை எண்டது பொய்" என்றான். "எனக்குக் கடை இருக்கேல்லை. நான் கொழும்பில கந்தோரில வேலை செய்தனான்."

அந்த அம்மா குனிந்தார். "கந்தோர்னா என்னங்க?"

"ஒபீஸ். கவண்மேந்து ஒபீஸ்."

அவர் அவனை ஒரு கணம் பார்த்தார். "சொல்லிடவா?" என்று மெல்லக் கேட்டார். அப்படிக் கேட்க அவருக்கு உரிமை இல்லை. அவன் "ஓம்" என்றான். அவருக்கு அந்தச் சொல் விளங்கியது.

அதிகாரி சத்தம் போடவில்லை. அது சச்சிக்கு இன்னும் பயத்தைத் தந்தது. தட்டச்சிலிருந்த தாளை உருவி எடுக்கச் சொல்லி, புதுத் தாள் போடச் சொன்னார். "தொடக்கத்திலிருந்து" என்றார். பின்னேரம் நாலு மணிவரை நடந்தது. ஏன் முதலில் பொய் சொன்னாய் என்று ஐந்து விதமாகக் கேட்டார். அரசாங்கம் சம்பளம் கொடுத்த ஆளை அரசாங்கம் ஏன் துரத்தியது என்றும் கேட்டார், ஏஜென்சிக்காரன் சொன்ன அதே சொற்களில். அரசாங்கமா துரத்தியது என்று எனக்குத் தெரியாது, வந்தவர்கள் துரத்தினார்கள், வர வேண்டியவர்கள் வரவில்லை என்று சச்சி சொன்னான். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தான். உர்சுலாவின் ஆய்வேட்டைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

அன்றிரவு கூரை அறையில் தவராஜா தலையில் கைவைத்தான். "ஐயோ அண்ணை! பக்கத்துக் கட்டிடம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முடிஞ்சுதே!"

"வந்துது. சொல்லேல்லை."

"இனி அவங்கள் நீங்கள் சொன்ன ஒண்டையும் நம்பமாட்டாங்கள்."

"ஓம்" என்றான் சச்சி. அதுவும் அவனுக்குத் தெரிந்ததுதான். ஒரு படிவத்தில் ஒரு பதில் பிழை என்று கண்டால் மற்றப் பதில்களையும் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லித்தான் அவனே கந்தோரில் புதியவர்களுக்குப் பழக்கினான்.

மார்கழி கடைசியில் கொழும்பு போன ஒருவர் மூலம் யோகாம்பாளின் கடிதம் வந்தது. அடி நடந்தபோது நல்லூர்க் கோவிலில் போய் இருந்தார்களாம். வீட்டின் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மாமியாரோடு மூன்று பேரும் சுகம். சிவகலாவுக்கு மட்டும் இருமல். சச்சி அந்தக் கடிதத்தைச் சமையலறையில் நின்று வாசித்தான். பிறகு குளிர்அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

உர்சுலாவுக்குப் பட்டம் கிடைத்தது. நினைத்த அளவு நல்ல புள்ளி இல்லை. இரண்டு பிரதிகள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயின. ஒரு பிரதியை யூட்டா மாநிலத்துக்கு அனுப்பினாள். இருபத்து மூன்றாம் வீட்டுக்காரியிடமிருந்து மூன்று மாதம் கழித்து ஒரு வரிப் பதில் வந்ததாம்: வாசித்தேன், இப்போது சரி. அதைச் சொல்லும்போது உர்சுலா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். அன்றைக்கு அவன் யோசனை பேர்ணிலிருந்து வர வேண்டிய முடிவில் இருந்தது.

முடிவு 1989 மாசியில் வந்தது. பத்துப் பக்கம். உர்சுலா அவனுக்குப் பக்கத்தில் இருந்து சொல் சொல்லாக வாசித்தாள். அகதி மனு நிராகரிக்கப்படுகிறது. மனுதாரர் முதல் விசாரணையில் தொழில், ஊர், சம்பவம் மூன்றையும் பொய்யாகக் கூறியுள்ளார். ஆகவே பின்னர் கூறியவற்றையும் நம்புவதற்கில்லை. ஆயினும் நாட்டின் தற்போதைய நிலைமையில் அவரைத் திருப்பி அனுப்புவது இப்போதைக்கு ஏற்றதல்ல. மறு அறிவித்தல்வரை தற்காலிகமாக இருக்கலாம். குடும்பத்தை அழைக்க உரிமை இல்லை.

"கடையோடு நின்றிருந்தால் கிடைத்திருக்குமா?" என்று உர்சுலா கேட்டாள்.

"தெரியாது" என்றான் சச்சி. அவன் அதைப் பல தடவை யோசித்துப் பார்த்திருந்தான். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

மேன்முறையீடு செய்ய முப்பது நாள். இந்தத் தடவை அவன் ஒருவரிடமும் கேட்டு எழுதவில்லை. ஆறு ஓய்வு நேரங்களில், ஆங்கிலத்தில், திகதி வாரியாகத் தானே எழுதினான். அந்த ஒழுங்கையின் பெயர், வீட்டிலக்கம், அன்றைக்கு வந்தவர்கள் திரும்பிய திசை. பின்வீட்டுக்காரரின் பெயரை எழுதும்போது மட்டும் பேனா நின்றது. அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு, அயலவர் ஒருவர் என்று எழுதினான். அது தன் கேசுக்குப் பலவீனம் என்று தெரிந்தே எழுதினான். உர்சுலா ஜேர்மனில் மாற்றித் தந்தாள்.

அந்த வருடமே தவராஜாவின் மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவன் விசாரணையில் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று சச்சி கேட்கவில்லை. தவராஜாவும் சொல்லவில்லை. டாவோஸில் ஒரு பெரிய ஹோட்டலில் நல்ல வேலை கிடைத்துப் போனான். ரயிலடியில் பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கிய சச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட கேசும் சரிவரும் அண்ணை" என்றான். ரயில் வெளிக்கிடும் வரைக்கும் கையை விடவில்லை.

மேன்முறையீட்டுக்குப் பதில் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் மத்தியானம், கடைசிக் கோப்பையை அடுக்கிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே சச்சி வேலையாட்களின் தபால் தட்டுக்குப் போகிறான். பேர்ண் உறைகள் சாம்பல் நிறம். தட்டில் சாம்பல் நிறம் இல்லாத நாட்களில், இன்னும் ஒரு நாள் இருக்கலாம் என்று, அவனுக்குக் கொஞ்சம் பசிக்கிறது.